ஒரு இன்ச் அறுத்தால் போதுமா? பெண்களுக்கான சாட்கன்கள்: சைரன் டெம்பியோவும் மற்றவையும்

சாட்கன், அதாவது ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளைச் சுடும் துப்பாக்கி, வாங்கப் போகிற பெண்ணுக்குக் கடையில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, சிறுவர்களுக்கென்று செய்த 20 போர் (வழக்கமான 12 போரைவிடக் குழல் வாய் சிறியது) குட்டித் துப்பாக்கியை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். இன்னொன்று, “பின்னாடி ஒரு இன்ச் அறுத்துக் கொடுத்துட்டா சரியாயிடும்மா.” இரண்டுமே தவறு. ஏன் தவறு என்பது புரியாவிட்டால் பெண்களுக்கென்றே செய்த துப்பாக்கிக்கு ஏன் அவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதும் புரியாது. அதனால் துப்பாக்கிகளுக்குப் போகுமுன் கட்டையை, அதாவது தோளில் ஊன்றுகிற மரப் பின்பகுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ரைஃபிளில் பின்குறி, முன்குறி என்று இரண்டு உண்டு. சாட்கனில் பெரும்பாலும் குழல் முனையில் ஒரு மணி மட்டும்தான். பின்குறி உங்கள் கண். அந்தக் கண்ணை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்துவது கன்னம் பதிகிற மேல்விளிம்பு, அதாவது கோம்ப். கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆகவே கணக்கு எளிது: கண் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால், குண்டு விழும் இடம் ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் தாழும். கோம்ப் 6 மி.மீ. தாழ்வாக இருந்தால் 35 மீட்டரில் 21 செ.மீ. கீழே போகும். பறக்கவிட்டுச் சுட்டு உடைக்கிற தட்டின் விட்டமே 11 செ.மீ.தான். தட்டு உடையவில்லை என்றால் கையைக் குறை சொல்வதற்கு முன் கோம்பைப் பார்க்க வேண்டும்.

கடையில் நிற்கிற மேல்-கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பெரும்பாலும் ட்ரிகரிலிருந்து கட்டை முடிவு வரை 14½ முதல் 14¾ அங்குலம், அதாவது 368 முதல் 375 மி.மீ. இருக்கும். சராசரி ஐரோப்பிய ஆணை மனதில் வைத்துப் போட்ட அளவு அது. பெண்ணின் கை குட்டை, ஆகவே கட்டையைக் குறைத்தால் சரி என்று தோன்றும். ஆனால் நீளம் வித்தியாசங்களில் ஒன்றுதான். பெரும்பாலான பெண்களுக்குக் கழுத்து உடலளவில் நீளம், தோள் குறுகலும் சரிவும், கன்ன எலும்பு மேலே, உள்ளங்கை சிறிது, மார்பு கட்டையின் கீழ்மூலை உட்காரும் இடத்திலேயே தொடங்குகிறது. கழுத்து நீளம் என்றால் கண்ணுக்கும் தோள்குழிக்கும் இடையிலான உயரம் கூடும். அவளுக்குத் தேவை, கன்னம் வைக்கும் இடத்தில் உயர்ந்தும் தோளில் பதியும் இடத்தில் தாழ்ந்தும் இருக்கிற கட்டை.

சாதாரணக் கட்டையில் கோம்ப் முன்னிருந்து பின்னாகச் சரிந்து இறங்கும். முன்னே ரிப்பின், அதாவது குழல் மேல் நீளமாக ஓடும் பட்டையின், கோட்டிலிருந்து 38 மி.மீ. தாழ்வு, பின் மேல்மூலையில் 60 மி.மீ. தாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 23 செ.மீ. நீளத்தில் 22 மி.மீ. சரிவு. இதில் பின்னால் ஓர் அங்குலம் அறுத்தால் என்ன ஆகிறது? புதிய மேல்மூலை பழையதைவிட இரண்டரை மி.மீ. உயர்ந்துவிடுகிறது. தாழ வேண்டிய இடம் உயர்கிறது. விளைவு, கட்டையின் பாதி தோளுக்கு மேலே காற்றில் நிற்கும். மீதிப் பாதி மொத்த உதையையும் வாங்கிச் சின்ன இடத்தில் இறக்கும். இல்லையென்றால் அவள் கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்திக் கன்னத்தைக் கட்டைக்குக் கொண்டுபோவாள். 25 தட்டுக்குப் பிறகு கழுத்து வலி வருவது இதனால்தான். கூடவே அறுத்த மரத்தின் அறுபது எழுபது கிராம் பின்னாலிருந்து போனதால் எடைமையம் ஒரு செ.மீ. அளவுக்கு முன்னே நகரும். முன்கை தாங்க வேண்டிய சுமை கூடும். பிடி பழைய பருமனிலேயே இருக்கும், ட்ரிகர் எட்டும் தூரமும் மாறாது. அறுத்ததில் சரியானது ஒரே ஓர் அளவு, மற்றவை கெட்டன அல்லது அப்படியே நின்றன.

சிறுவர் துப்பாக்கியின் கதை வேறு. 12½, 13 அங்குலக் கட்டை, குட்டைக் குழல், மிகக் குறைந்த எடை. வளர்ந்த பெண்ணுக்கு அது நீளத்தில் குறைவு. மூக்கு கட்டைவிரலில் போய் இடிக்கும். குழல் குட்டையும் எடை குறைவும் சேர்ந்தால் சுழற்றும்போது துப்பாக்கி பாதியில் நின்றுவிடும். தட்டுக்குப் பின்னால் சுடுவது வழக்கமாகிவிடும்.

இந்த இரண்டையும் விட்டுவிட்டு முதலிலிருந்தே பெண் உடலை வைத்துக் கட்டையை வரைந்தவர்களில் முன்னால் நிற்பது சைரன். இத்தாலியில் பிரெஷா மாவட்டத்தின் வால் த்ரோம்பியா பள்ளத்தாக்கில் மார்க்கேனோ என்ற ஊர்க்காரர்களான சீசர் குவேரினியும், பிரெஷாவுக்குப் பக்கத்து ட்ராவல்யாட்டோவில் இருக்கிற ஃபபார்மும் சேர்ந்து பெண்களுக்கு மட்டுமென்று நடத்துகிற பெயர் அது. அமெரிக்காவில் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஊரிலிருந்து விற்பனையும் பழுதுபார்ப்பும் நடக்கின்றன. டெம்பியோ குவேரினி பக்கத்திலிருந்தும், எலோஸும் எக்ஸ்எல்ஆர்5 தானியங்கியும் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) ஃபபார்ம் பக்கத்திலிருந்தும் வருகின்றன.

டெம்பியோ ஸ்போர்ட்டிங்கின் கட்டை நீளம் 13⅞ அங்குலம், 352 மி.மீ. ஆனால் இந்தத் துப்பாக்கியை வாங்கக் காரணம் அந்த எண் அல்ல, மான்டே கார்லோ கோம்ப். முன்னிருந்து பின்வரை அதிகம் சரியாமல் ரிப்புக்கு ஏறத்தாழ இணையாக ஓடி, கடைசியில் ஒரு படி இறங்கித் தோளுக்குப் போகிறது. கன்னத்துக்கு உயரம், தோளுக்குத் தாழ்வு, இரண்டும் ஒரே கட்டையில். இதில் இன்னொரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. கோம்ப் இணையாக ஓடுவதால், குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டுக் கன்னம் ஒரு செ.மீ. பின்னே போனாலும் கண்ணின் உயரம் பெரிதாக மாறாது. இன்னும் குட்டையாக வேண்டுமென்று கட்டையை அறுத்தாலும் குறி பெரிதாக மாறாது. சரிவுக் கட்டையில் இந்தச் சலுகை கிடையாது.

பிடிதான் அடுத்தது. ஆண் அளவுப் பிடியைச் சிறிய கை பற்றும்போது ட்ரிகர் எட்டுவதற்காகக் கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடிப்பார்கள். சுட்டால் உதை கட்டைவிரலின் அடிமூட்டில் வந்து குத்தும். நடுவிரல் ட்ரிகர் வளையத்தின் பின்பக்கத்தில் அடிபடும். நடுவிரலின் முதல் கணுவுக்கு மேலே நீலம் பாய்ந்திருந்தால் பிடி பெரிது என்று கேட்காமலே சொல்லிவிடலாம். டெம்பியோவில் பிடி மெலிந்து, வளைவு இறுகி, கை ட்ரிகருக்கு அருகில் வந்துவிடுகிறது. ட்ரிகரையும் முன்பின் நகர்த்திக்கொள்ளலாம். ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை ட்ரிகரின் நடுவில் உட்கார வேண்டும். மடிப்பில் உட்கார்ந்தால் ட்ரிகர் மிக அருகில், நுனியில் உட்கார்ந்தால் மிகத் தொலைவில்.

பிறகு பிட்ச், அதாவது கட்டையின் பின்முகம் குழலுக்கு நேர்செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கும் கோணம். பலரும் கவனிக்காத அளவு இது, பெண்களுக்கு மிகவும் வலிக்கிற அளவும் இதுதான். அளக்க ஒரு கதவுநிலை போதும். காலித் துப்பாக்கியின் கட்டையைத் தரையில் முழுதாகப் பதித்து நிறுத்தி, ஆக்ஷனின் (குழலும் கட்டையும் சேரும் உலோக நடுப்பகுதி) மேற்பக்கம் நிலையைத் தொடும்படி நகர்த்துங்கள். குழல் முனைக்கும் நிலைக்கும் இடைவெளியை அளங்கள். 28 அங்குலக் குழலில் 2 அங்குலம் வந்தால் 4 பாகை. கடையில் கிடைக்கிற பெரும்பாலானவை இதன் அருகில்தான் இருக்கும். மார்பு முன்னே வளைகிற உடம்பில் கட்டையின் கீழ்மூலை முதலில் தொட்டு, முழு உதையும் அந்த மூலை வழியே இறங்கும். துப்பாக்கி மேல்நோக்கித் துள்ளி கன்னத்திலும் அடிக்கும். பல பெண்களுக்கு 6, 7 பாகை தேவைப்படும். 7 பாகை என்றால் அதே நிலையில் ஏறத்தாழ மூன்றரை அங்குலம். கீழ்மூலை வெளிப்பக்கம் திரும்பியிருக்கவும் வேண்டும். சைரன் இந்த இரண்டையும் கவனித்திருக்கிறது. ஆனாலும் மார்பு கனமான பெண்களுக்கு ரப்பர் பேடின் கீழ்மூலையை இன்னும் உருட்டித் தேய்க்க வேண்டியிருக்கும். இதற்கு மரத்தைத் தொட வேண்டாம், ரப்பரோடு வேலை முடிந்துவிடும்.

இனி குறைகள். 13⅞ அங்குலம் 165 முதல் 172 செ.மீ. உயரப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பொருந்தும். 155 செ.மீ. பெண்ணுக்கு, அதாவது நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோருக்கு, அதுவும் நீளம்தான். 13¼ பக்கம் இறங்க வேண்டியிருக்கும். மேலே சொன்னபடி அறுத்தால் குறி பெரிதாக மாறாது என்பது ஆறுதல். ஆனால் அறுத்த எடையைக் கட்டைத் துளைக்குள் ஈயம் வைத்து ஈடுகட்டச் சொல்லுங்கள், சமநிலை மறுபடி கீல் பக்கம் வரும்வரை. இரண்டாவது, கோம்ப் உயர்ந்த கட்டை எல்லா முகத்துக்கும் ஒத்துவராது. கன்னச் சதை நிறைந்த முகம் என்றால் கண் தேவைக்கு மேல் உயர்ந்து, ரிப் சாலை மாதிரி நீண்டு தெரியும். குண்டு தட்டின் மேலே போகும். சந்தேகம் இருந்தால் ஏற்றி இறக்கும் கோம்ப் உள்ளதாகவே கேளுங்கள். பின்னால் மரத்தை வெட்டி அதைப் பொருத்துவது செலவு, அழகும் கெடும். மூன்றாவது, இடக்கைக்காரர்கள் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும். நான்காவது, புதிய மேல்-கீழ் துப்பாக்கி எதுவானாலும் திறக்க இறுக்கமாக இருக்கும். சிறிய கைக்கு முதல் சில நூறு தோட்டா வரை சலிப்பாக இருக்கும். கீல் முனைகளில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்துக்கொண்டால் போதும். தொடையில் வைத்து மடக்காதீர்கள்.

ஜூலியா என்ற மேல்ரகமும் உண்டு. பக்கத்தகடுகளில் ஒரு பெண்முகம் கொடிவேலைப்பாட்டில் கரைந்து போகிற செதுக்கல் உண்மையிலேயே அழகு. ஆனால் பொருத்தத்துக்காக மட்டும் வாங்குகிறவர் டெம்பியோவிலேயே நிற்கலாம்.

பெரெட்டாவின் விட்டோரியா ரகத்தில் 686 சில்வர் பிஜன் ஆக்ஷனைப் பெண் அளவுக் கட்டையோடு தருகிறார்கள். 1526 முதல் குழல் செய்கிற வீட்டின் வேலை. ஆக்ஷன் உயரம் குறைவானது. சிறிய கைக்கு இது நல்லது, குழலுக்கு நெருக்கமாக முன்கை நிற்கும். உதிரிபாகமும் பழுதுபார்ப்பவரும் உலகில் எங்கும் கிடைப்பது அதன் பெரிய பலம். கட்டையின் வடிவத்தில் சைரன் அளவுக்கு ஆழமாகப் போகவில்லை என்பது எங்கள் கணிப்பு. பக்கத்தில் நல்ல கட்டைத்தச்சர் இருந்தால் விட்டோரியாவைத் தயங்காமல் எடுக்கலாம்.

ஃபிராங்கியின் கேடலிஸ்ட், விலையில் இறங்கி வருகிறவர்களுக்கு. சரிவு, பிட்ச், நீளம் எல்லாம் பெண்ணுக்கென்று மாற்றியது. அஃபினிட்டி கேடலிஸ்ட் இனர்ஷியா முறையில், அதாவது உதையின் விசையிலேயே, இயங்கும் தானியங்கி. சுத்தம் செய்வது சுலபம், தூக்கி நடக்க இலகு. ஆனால் அந்த இலகுதான் தட்டுச் சுடுகிற இடத்தில் எதிரி. வயலில் ஒரு நாளில் பத்துத் தோட்டா சுடுபவருக்கு நல்லது. 100 தட்டு சுடுகிறவருக்குச் சைரன் எக்ஸ்எல்ஆர்5 போன்ற வாயுவில் இயங்கும் தானியங்கி தோளை மன்னிக்கும்.

எடையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: பெண்ணா, இலகுவானதைக் கொடு, 20 போரைக் கொடு. கணக்குப் பாருங்கள். தோட்டா வினாடிக்கு 400 மீட்டர் வேகம் என்று கொண்டால், 3.4 கிலோ 12 போரில் 28 கிராம் குண்டு கொண்ட தோட்டா ஏறத்தாழ 28 ஜூல் உதைக்கும். அதே தோட்டா 2.9 கிலோ துப்பாக்கியில் 33 ஜூல். 2.8 கிலோ 20 போரில் 24 கிராம் போட்டால் 26. 3.4 கிலோ 12 போரில் அதே 24 கிராம் போட்டால் 21தான். கனமான 12 போரும் 24 கிராம் தோட்டாவும்தான் தோளுக்கு மிக மென்மையான கூட்டணி. தட்டுச் சுடும் ஒலிம்பிக் போட்டிகளான ட்ராப்பிலும் ஸ்கீட்டிலும் 24 கிராம்தான் உச்சவரம்பு, ஆகவே தட்டு உடையாது என்ற பயமும் வேண்டாம். துப்பாக்கியைத் தாங்க முடியவில்லை என்கிற பெண்களில் பலருக்குப் பிரச்சினை எடை அல்ல. கட்டை நீளமாக இருப்பதால் முன்கை முழுதாக நீண்டு, முதுகு பின்னே சாய்ந்து நிற்கிறார்கள். அந்த நிலையில் மூன்று கிலோவும் ஆறு கிலோவாகத் தோன்றும். கட்டை பொருந்தியதும் அதே எடையை நூறு தட்டுக்குச் சுமப்பார்கள்.

பெண்ணால் முடியாது என்பதற்காகச் சந்தை இவ்வளவு தாமதித்தது என்று யாரும் சொல்ல முடியாது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் கலந்து சுட்ட ஸ்கீட்டில் தங்கம் வென்றவர் சீனாவின் ஜாங் ஷான். அடுத்த 1996 போட்டியில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டுமென்று ஆனது. பெண்கள் ஸ்கீட் 2000 சிட்னியில்தான் வந்தது. திறமை அப்போதே இருந்தது. கட்டை வரைகிறவர்கள்தான் பிறகு வந்தார்கள்.

கடையில் சோதிக்கும் முறை இது. துப்பாக்கியைத் திறந்து, இரண்டு அறையும் காலி என்று நீங்களும் விற்பவரும் தனித்தனியாகப் பாருங்கள். சுடும்போது போடுகிற உள்ளாடை, மேல்சட்டை, வெஸ்ட் எல்லாம் போட்டுக்கொண்டு போங்கள். பிராவின் பட்டைக் கொக்கி ரப்பர் பேடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் எந்தப் பொருத்தமும் உதவாது. கொக்கி முன்பக்கம் இல்லாத ஸ்போர்ட்ஸ் பிரா வேண்டும். முதலில் எந்தக் கண் ஆளுகிறது, அதாவது குறிவைக்கும்போது மூளை எந்தக் கண்ணை நம்புகிறது, என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால் கட்டையின் பக்கச் சாய்வை, அதாவது அது பக்கவாட்டில் வளைந்திருக்கும் அளவை, பேசுவதே வீண்.

அடுத்து கண்ணாடி. எதிரே நின்று, கண்ணாடியில் தெரிகிற உங்கள் கண்ணையே குறிவைத்துக் கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறந்தால் கருவிழி ரிப்பின் மேலே, நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாதி மறைந்தால் கோம்ப் தாழ்வு. விழிக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் உயரம். இடமோ வலமோ நகர்ந்திருந்தால் பக்கச் சாய்வு அல்லது கோம்பின் தடிமன் தவறு. இதை ஐந்து முறை செய்து ஐந்து முறையும் ஒரே மாதிரி வர வேண்டும். பிறகு மூக்குக்கும் பிடியிலுள்ள கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா பாருங்கள். முழங்கையை மடக்கி மடிப்பில் கட்டையை வைத்து விரல் ட்ரிகரைத் தொடுகிறதா என்று பார்க்கிற பழைய சோதனையை நம்பாதீர்கள். அது முன்கையின் நீளத்தை அளக்கிறது. கழுத்தையும் மார்பையும் அதற்குத் தெரியாது.

கடைசிச் சோதனை மைதானத்தில். 15 மீட்டரில் பெரிய காகிதம், நடுவில் ஒரு புள்ளி, இறுக்கமான சோக் (குண்டுகள் அதிகம் பரவாமல் காக்கும் குழல்முனைச் சுருக்கம்). குறிபார்க்காமல், ஏற்றியவுடன் சுட வேண்டும், எட்டுத் தோட்டா. ஓட்டையின் மையம் புள்ளியிலிருந்து 45 மி.மீ. தாழ்ந்திருந்தால் கோம்பை 3 மி.மீ. உயர்த்த வேண்டும், 15 மி.மீ.க்கு ஒரு மி.மீ. என்பது இங்கே கணக்கு. பக்கவாட்டுக்கும் அதேதான். லண்டன் பக்கம் இருப்பவர்கள் நார்த்வுட்டில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மைதானத்திலோ வெஸ்ட் லண்டன் ஷூட்டிங் ஸ்கூலிலோ ட்ரை கன் வைத்து அளந்துகொள்ளலாம். எல்லாத் திசையிலும் அசையும் கட்டையுள்ள துப்பாக்கி அது. அளவெடுக்கக் கொடுக்கிற கட்டணம், தவறான துப்பாக்கியை விற்று மாற்றுகிற நட்டத்துக்கு முன் ஒன்றுமில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு நிலைமை கடினம். வெளிநாட்டுத் துப்பாக்கி தேசிய ரைஃபிள் சங்கத்தின் தகுதி பெற்ற வீரர்களுக்குத்தான் வரும். பயிற்சியைத் தொடங்குகிற பெண் கிளப்பின் துப்பாக்கியில்தான் தொடங்குவாள், அதுவும் ஆண் அளவு. அதற்கும் வழி உண்டு. கட்டையை அறுக்க விடாதீர்கள், அடுத்தவருக்கும் அது வேண்டும். ஒட்டி எடுக்கக்கூடிய ரப்பர் கன்னப்பட்டைகளை 3 மி.மீ. அடுக்குகளாக கோம்பில் ஒட்டி, கண்ணாடிச் சோதனை சரியாகும்வரை கூட்டுங்கள். தடித்த ரப்பர் பேடைக் கழற்றி மெல்லியது போட்டால் அரை அங்குலம் குறையும். அந்தப் பேடின் மேல்பக்கத்து அடியில் மூன்று மி.மீ. வாஷர் கொடுத்தால் பிட்ச் ஒரு பாகைக்கு மேல் கூடும். 24 கிராம் தோட்டா போடுங்கள். பொருந்திய அளவுகளை, ட்ரிகரிலிருந்து கட்டையின் நடுவரை நீளம், கன்னம் படும் இடத்தில் தாழ்வு, மேல்மூலையில் தாழ்வு, பக்கச் சாய்வு, பிட்ச் என்று ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதித் துப்பாக்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சொந்தமாக ஒன்று வாங்கும்போது கட்டைத்தச்சரிடம் நீட்ட வேண்டியது அந்த அட்டையைத்தான்.